ராணுவக் காவல்ல வச்சு அடிச்சா நியாயம் கேக்கறது எப்படி? – அடிக்கடி வர்ற கேள்விகள்

காட்பாடில இருந்து சித்தூர் போற ரோட்டுல, பார்டருக்கு ரெண்டு பக்கமும் இருக்கற ஊருங்கள்ல நான் சட்ட உதவி வேலை பாக்கறேன். இந்த பக்கம் தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரில இருக்காங்க. அதே தெருவுல லாரி எடுத்துக்கிட்டு ஜம்மு, திமாப்பூர்னு போறவங்களும் இருக்காங்க. ஜவ்வாது மலைல இருந்து மரம் வெட்ட போய் ஆந்திராவுல மாட்டினவங்களோட குடும்பம் வருது, கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாம்ல இருந்து ஃபோன் வருது. எல்லாரும் சுத்தி சுத்தி அதே சந்தேகத்தைத்தான் கேக்கறாங்க, அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்விய போட்டு பதில் எழுதியிருக்கேன்.

அக்கா, மிலிட்டரி நேரா வந்து சாதாரண ஆளை புடிச்சுட்டு போக முடியுமா?

நம்ம தமிழ்நாடு, ஆந்திரா, கேரளாவுல அப்படி ஒரு அதிகாரம் அவங்களுக்கு கெடையாது. 1958ல வந்த ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம், எல்லாரும் அஃப்ஸ்பான்னு சொல்றது, அது கலவரப் பகுதின்னு அரசாங்கம் அறிவிச்ச எடத்துல மட்டும்தான் செல்லும். வடகிழக்குல சில மாநிலங்களோட சில பகுதிகள், அப்புறம் ஜம்மு காஷ்மீர், அதுக்கு 1990ல தனியா ஒரு சட்டம் இருக்கு. திரிபுராவுல 2015லயும் மேகாலயாவுல 2018லயும் எடுத்துட்டாங்க.

அந்த ஏரியாவுலயே கூட புடிக்கத்தான் அதிகாரம், வச்சுக்க இல்ல. புடிச்ச ஆளை எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு அந்த சட்டத்தோட 5வது பிரிவே சொல்லுது. 1997ல சுப்ரீம் கோர்ட் அந்த சட்டம் செல்லும்னு தீர்ப்பு சொன்னப்போ ராணுவத்தோட 'செய்யலாம், செய்யக்கூடாது' பட்டியலையும் கட்டாயம் ஆக்கிடுச்சு. புடிச்சதுக்கு அப்புறம் அந்த ஆளை விசாரிக்கக் கூடாது, அடிச்சு வாக்குமூலம் வாங்கக் கூடாது, தப்பிக்க பாத்தா ஒழிய பலப்பிரயோகம் கூடாதுன்னு அதுலயே இருக்கு. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். ஆகவே கேம்ப்புக்குள்ள ரெண்டு மூணு நாள் வச்சு விசாரிச்சோம்னு யாராச்சும் சொன்னா, ஒரு அடி கூட விழலேன்னாலும் அதுவே சட்டத்தை மீறினதுதான்.

எங்க பெரியப்பா மகனை செம்மர கேஸ்ல புடிச்சாங்க, பச்சை ட்ரெஸ் போட்டு துப்பாக்கியோட வந்தாங்களாம். அது மிலிட்டரியா?

இல்லம்மா. திருப்பதி, சித்தூர், கடப்பா பக்கம் செம்மரத்துக்குன்னு இருக்கறது ஆந்திர அரசோட சிறப்புப் படை, போலீஸும் ஃபாரஸ்ட்டும் சேந்தது. அஃப்ஸ்பா பாதுகாப்பு அவங்களுக்கு ஒரு துளி கூட கெடையாது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டுல 20 தமிழ் ஆளுங்கள சுட்டாங்களே, அந்த விஷயத்துல தேசிய மனித உரிமை ஆணையம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் இடைக்கால நிவாரணம் தரச் சொல்லுச்சு. பஸ்ல இருந்து எறக்கி கூட்டிட்டு போனாங்கன்னு சொல்ல, தப்பிச்சு வந்தவங்க இருந்தாங்க, அதனாலதான் அந்த விஷயம் வெளிய நின்னுச்சு.

யார் புடிச்சாங்கன்றது ரொம்ப முக்கியம், ஏன்னா போற வழியே மாறிடும். மாநில போலீஸ்னா மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம். ராணுவம், அசாம் ரைஃபிள்ஸ், பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் இதெல்லாம் மத்தியப் படை, அதுக்கு வேற கணக்கு, கீழ சொல்றேன். அதனால யூனிஃபார்ம் கலர், தோள்ல எழுதியிருந்தது, வண்டி நம்பர், என்ன பாஷை பேசினாங்க, பாத்தவங்க யாரு, இதை அன்னிக்கே ஒரு நோட்டுல எழுதிடுங்க.

என் பையனே ஆர்மிலதான் இருக்கான். இப்படி கேள்வி கேக்கறது ராணுவத்துக்கு எதிரா பேசற மாதிரி ஆகாதா?

இதை என்கிட்ட கேட்டவங்கள்ல பாதி பேர் மாஜி ராணுவத்தினர், மீதி பேர் அவங்க வீட்டு அம்மாங்க. நான் நெனைக்கறது இதுதான். மேல சொன்ன 'செய்யக்கூடாது' பட்டியல ராணுவமே தன் ஆளுங்களுக்குன்னு எழுதி வச்சது, வெளிய இருந்து யாரும் திணிக்கல. 1950 ராணுவச் சட்டமும் சாதாரண குற்றத்தை சிப்பாய் செஞ்சா அதுவும் தண்டனைக்கு உரியதுன்னுதான் சொல்லுது. அதை மீறினவன் மேல நடவடிக்கை கேக்கறது, மீறாம வேலை பாக்கற உங்க பையனுக்கு எதிரா எப்படி ஆகும்?

எனக்கு இதுல கோவம் வர்றது ஒரே எடத்துல. காவல்ல இருக்கறவன் கை கட்டி உக்காந்திருக்கான், அவனால ஓடவும் முடியாது திருப்பி அடிக்கவும் முடியாது. சண்டைல நடக்கறதுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், கட்டி வச்சவனை அடிக்கறதுக்கு ஒரு காரணமும் கெடையாது. 1949 ஜெனீவா ஒப்பந்தத்துல நாலுலயும் பொதுவா இருக்கற 3வது பிரிவும் இதைத்தான் சொல்லுது, இந்தியா அதுக்கு 1960லயே தனி சட்டம் போட்டிருக்கு.

எங்க வீட்டுக்காரர் லாரில மணிப்பூர் பக்கம் போனார், கேம்ப்புக்கு கூட்டிட்டு போயிட்டாங்கன்னு க்ளீனர் ஃபோன் பண்ணான், அப்புறம் தகவலே இல்ல. மொதல்ல என்ன பண்ணணும்?

மொதல்ல க்ளீனர் சொன்னத அப்படியே எழுதுங்க, எத்தன மணிக்கு, எந்த எடத்துல, எத்தன பேர், எந்த வண்டி. அவன் பேசின வாய்ஸ் மெசேஜ் இருந்தா அழிக்காதீங்க. அடுத்து அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன், அந்த மாவட்ட எஸ்பி, கலெக்டர் மூணு பேருக்கும் ஈமெயில், கூடவே ரிஜிஸ்டர் தபால். ஃபோன்ல சொன்னது போதும்னு நிறுத்திடாதீங்க, ஃபோனுக்கு ரசீது கெடையாது. 15100னு இலவச சட்ட உதவி நம்பர் இருக்கு, எந்த மாநிலத்துல இருந்தும் போகும். காவல்ல இருக்கறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் எஸ்சி, எஸ்டி ஆளுங்களுக்கும் வருமானம் பாக்காம வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்லுது.

ஒரு நாள் தாண்டியும் போலீஸ்கிட்ட ஒப்படைக்கலேன்னா ஆட்கொணர்வு மனு. சம்பவம் நடந்த மாநில ஐகோர்ட்ல போடறதுதான் வேகமான வழி, நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கும் போகலாம். காணாம போனவர் போட வேணாம், நீங்க போடலாம், அண்ணன் தம்பி போடலாம், ஃப்ரெண்டு கூட போடலாம். 1982ல மணிப்பூர்ல ரெண்டு பேரை ராணுவ கேம்ப்புக்கு கூட்டிட்டு போனாங்க, அவங்க எங்ககிட்ட இருந்து கெளம்பி போயிட்டாங்கன்னு ராணுவம் சொல்லுச்சு, கேம்ப்புல அவங்கள கடைசியா பாத்தவங்க சொன்னத வச்சு சுப்ரீம் கோர்ட் ராணுவம் சொன்னத நம்பல. ஆளை கொண்டு வரச் சொல்லியும் வரல, அதனால 1984ல ரெண்டு பொண்டாட்டிங்களுக்கும் ஆளுக்கு 1 லட்சம் குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க. செபாஸ்டியன் ஹோங்ரே கேஸ்னு சொன்னா எந்த வக்கீலுக்கும் புரியும்.

விட்டுட்டாங்க, வீட்டுக்கு வந்துட்டார். ஒடம்பு பூரா காயம். ஆஸ்பத்திரில என்னன்னு சொல்றது?

நடந்தத சொல்லணும். பயத்துல நெறைய பேர் வழுக்கி விழுந்துட்டேன், வண்டில இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடறாங்க, அது ஏஆர், அதாவது ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவேட்டு என்ட்ரில ஏறிடுது, நாலு வருஷம் கழிச்சு கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரிய காட்டியே கேஸ உடைச்சிடறார். அதனால சித்தூர் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியோ அடுக்கம்பாறையோ, எங்க மொதல்ல போறீங்களோ அங்கயே, எந்த தேதி, எந்த படை, எதால அடிச்சாங்கன்னு சொல்லி எழுதச் சொல்லுங்க. ஆள் பேர் தெரியலேன்னா பேர் தெரியாத படையினர்னு எழுதினா போதும். தனியார் க்ளினிக்ல ஊசி போட்டுக்கிட்டு வந்துடறது மட்டும் வேணாம், கன்னிப்போன எடம் பத்து நாள்ல கலர் மாறி மறஞ்சிடும்.

காயத்தை ஃபோட்டோ எடுக்கும்போது முகம் தெரியற மாதிரி ஒண்ணு, கிட்டக்க ஒண்ணு. ரத்தம் பட்ட துணிய தொவைக்காம, பிளாஸ்டிக் கவர்ல போடாம பேப்பர்ல சுத்தி வைங்க. மூணு நாலு நாள் கழிச்சு திரும்ப ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்க, உள்ள கன்னின எடம் அப்பதான் தெளிவா தெரியும். தூக்கம் வராம இருக்கறது, சத்தம் கேட்டா நடுங்கறது, இதுவும் காயம்தான். சித்திரவதைய எப்படி பதிவு பண்ணணும்னு ஐநா ஏத்துக்கிட்ட இஸ்தான்புல் நெறிமுறை ஒண்ணு 1999ல இருந்து இருக்கு, அதுல மனநல பரிசோதனைக்கும் ஒடம்பு பரிசோதனை அளவுக்கே எடம் இருக்கு, அதையும் டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க.

ஸ்டேஷன்ல 'இது ஆர்மி மேட்டர், நாங்க எடுக்க முடியாது, மேலிடத்து அனுமதி வேணும்'னு சொல்லி அனுப்பிட்டாங்க.

எஃப்ஐஆர் போட யார் அனுமதியும் வேணாம். மத்திய அரசு அனுமதி வேணும்னு சட்டம் சொல்றது கோர்ட்ல வழக்கு நடத்தறதுக்கு. மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாத சின்ன குற்றம்னா வேற, அடிச்சு வாக்குமூலம் வாங்கறது, சட்டவிரோதமா அடைச்சு வைக்கறது இதெல்லாம் போலீஸ் நேரா கேஸ் எடுக்கக்கூடிய குற்றம், அதை வாங்கித்தான் ஆகணும்னு 2013ல லலிதா குமாரி தீர்ப்பு இருக்கு. புது சட்டத்துல, அதாவது 2024 ஜூலை 1ல இருந்து, வாக்குமூலத்துக்காக அடிச்சா பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 120வது பிரிவு, 7 வருஷம் வரைக்கும், கொடுங்காயம்னா 10 வருஷம். சம்பவம் வேற மாநிலத்துல நடந்திருந்தாலும் நம்ம ஊர் ஸ்டேஷன்லயே ஜீரோ எஃப்ஐஆர் குடுக்கலாம்.

வாங்க மாட்டேன்னா எஸ்பிக்கு எழுத்துல அனுப்பணும், அப்பவும் நடக்கலேன்னா மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு. ஒண்ணு கவனிங்க, அரசு ஊழியர் மேல வேலை சம்பந்தமா புகார்னா மேலதிகாரி அறிக்கைய வாங்கிப் பாத்துட்டுத்தான் மாஜிஸ்ட்ரேட் விசாரணைக்கு உத்தரவு போடலாம்னு புது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்கு பதிலா வந்தது) 175வது பிரிவுல சேத்திருக்காங்க. இது பழைய சட்டத்துல இல்ல, எனக்கு இது நல்ல மாத்தம்னு தோணல. அதனால மனுவுலயே, கேம்ப்புல அடைச்சு அடிக்கறது உத்தியோக வேலையே கெடையாது, சட்டமே தடுத்திருக்குன்னு மொத கேள்வில சொன்ன 1997 தீர்ப்பை காட்டி எழுதச் சொல்லுங்க.

அப்போ அந்த மத்திய அரசு அனுமதி கெடைக்கவே கெடைக்காதுன்னு சொல்றாங்களே, நெசமா?

கசப்பா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். 2018 ஜனவரில ராஜ்யசபாவுல அரசாங்கம் குடுத்த பதில்ல, ஜம்மு காஷ்மீர்ல இருந்து அனுமதி கேட்டு வந்தது 50, மறுத்தது 47, மீதி 3 நிலுவைன்னு இருந்துச்சு. நாகாலாந்து ஓட்டிங்ல 2021 டிசம்பர்ல சுரங்க வேலை முடிச்சு வந்த ஜனங்கள சுட்ட கேஸ்ல மாநில போலீஸ் 30 படையினர் மேல குற்றப்பத்திரிகை போட்டுச்சு, 2023ல மத்திய அரசு அனுமதி மறுத்துடுச்சு.

ஆனா அதோட கதவு சாத்திடல. மறுத்த உத்தரவ எதிர்த்து ஐகோர்ட்ல ரிட் மனு போடலாம், காரணம் சொல்லாம மறுக்க முடியாது. மணிப்பூர்ல போலி என்கவுன்டர்னு புகார் சொன்ன 1528 சாவுகள வச்சு போட்ட வழக்குல 2016 ஜூலை 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், படையினருக்கு முழு பாதுகாப்புன்னு ஒண்ணு கெடையாதுன்னு தெளிவா சொல்லுச்சு, அடுத்த வருஷம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவும் போட்டுச்சு. அந்த வழக்கை நடத்தினது புருஷன இழந்த பொம்பளைங்களும் பிள்ளைய இழந்த குடும்பங்களும் சேந்து வச்ச ஒரு சங்கம். தனித்தனியா ஒவ்வொரு குடும்பமா போயிருந்தா அந்த கணக்கு கோர்ட் முன்னாடி வந்தே இருக்காது.

கோர்ட் மார்ஷல்ல, அதான் ராணுவத்தோட சொந்த கோர்ட்ல, அவங்க ஆளை அவங்களே காப்பாத்திக்க மாட்டாங்களா?

ரெண்டும் நடந்திருக்கு. காஷ்மீர் பத்ரிபல் போலி என்கவுன்டர் கேஸ்ல சிபிஐ குற்றப்பத்திரிகை போட்டும், ராணுவமா சாதா கோர்ட்டான்னு ராணுவமே தேர்ந்தெடுக்கலாம்னு 2012ல சுப்ரீம் கோர்ட் விட்டுச்சு, ராணுவம் தானே எடுத்துக்கிட்டு 2014ல ஆதாரம் இல்லன்னு மூடிடுச்சு. அங்கயே இன்னொரு போலி என்கவுன்டரான மச்சில் கேஸ்ல ராணுவ கோர்ட்டே ஆயுள் தண்டனை குடுத்துச்சு, 2017ல ராணுவத் தீர்ப்பாயம் அந்த தண்டனைய நிறுத்தி வச்சுடுச்சு. குடும்பத்துக்கு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம போறதுதான் இதுல பெரிய கொறை. அதனால விசாரணைல சாட்சி சொல்ல கூப்பிட்டா வக்கீல கலந்துட்டு போங்க, நீங்க சொன்னத நீங்களும் ஒரு தாள்ல தேதி போட்டு எழுதி வச்சுக்கோங்க.

மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினா போதாதா?

எழுதுங்க, ஆனா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தோட 19வது பிரிவுப்படி மத்தியப் படை விஷயத்துல ஆணையம் தானே போய் விசாரிக்க முடியாது, மத்திய அரசுகிட்ட அறிக்கை கேக்கலாம், அதை வச்சு பரிந்துரை பண்ணலாம், அவ்ளோதான். சம்பவம் நடந்து 1 வருஷத்துக்குள்ள எழுதணும், தாண்டினா எடுக்க மாட்டாங்க. தமிழ்லயே எழுதலாம்.

காவல்லயே செத்துட்டார்னா?

போலீஸ் காவல்லயோ கோர்ட் அனுமதிச்ச காவல்லயோ செத்தா மாஜிஸ்ட்ரேட் விசாரணை கட்டாயம், பிஎன்எஸ்எஸ் 196. ராணுவ கேம்ப்புல நடந்தாலும் அதே விசாரணைய கேட்டு எழுத்துல குடுங்க. பிரேதப் பரிசோதனைய வீடியோ எடுக்கச் சொல்லுங்க, ரிப்போர்ட் காப்பி கேளுங்க, காயங்கள குடும்பத்துல ஒருத்தராவது நேர்ல பாருங்க. பாக்க மனசு வராது, தெரியும், தெரிஞ்சே சொல்றேன். அவசர அவசரமா அடக்கம் பண்ணச் சொல்லி நெருக்கடி குடுத்தா கையெழுத்து போடாதீங்க. 2023 டிசம்பர்ல பூஞ்ச்ல ராணுவம் விசாரிக்க கூட்டிட்டு போன 3 பேர் செத்தாங்க, அங்க உடனே விசாரணை, நிவாரணம்னு நகர ஆரம்பிச்சதுக்கு ஊர் ஜனம் ஒண்ணா நின்னதும் அடிக்கற வீடியோ வெளிய வந்ததும் ஒரு பெரிய காரணம்.

பணம் குடுக்கறோம், கேஸ விடுங்கன்னு சொல்றாங்க. வாங்கினா கேஸ் போயிடுமா?

போகாது. நஷ்டஈடு வேற, குற்ற வழக்கு வேற. காவல்ல உயிர் போனாலோ உரிமை மீறினாலோ அரசே பணம் குடுக்கணும், அரசுக்கு விதிவிலக்குன்னு சொல்ல முடியாதுன்னு 1993ல நீலபதி பெஹரா கேஸ்ல முடிவாயிடுச்சு, அதுல ஒரு தாய்க்கு 1.5 லட்சம் குடுக்கச் சொன்னாங்க. பணம் வாங்கறது வெக்கப்பட வேண்டிய விஷயம் இல்ல, சம்பாதிக்கற ஆள் போன வீட்டுல அடுப்பு எரியணும். ஆனா 'இனி புகார் இல்ல'ன்னு எழுதின தாள்ல மட்டும் கையெழுத்து வேணாம். தெலுங்குலயோ இந்திலயோ இருந்தா படிச்சு சொல்ல ஆள் இல்லாம எதுலயும் கைநாட்டு வைக்காதீங்க.

நான் கும்மிடிப்பூண்டி முகாம்ல இருக்கேன். எங்க அண்ணனை 2009ல இலங்கை ஆமிக்காரர் கையில ஒப்படைச்சம். இங்க இருந்து என்ன செய்யலாம்?

இந்திய கோர்ட்ல இலங்கை ராணுவத்து மேல கேஸ் போட வழி இல்லை அக்கா, அதை நேரா சொல்லிடறேன். இலங்கைல 1994ல சித்திரவதைக்குன்னே தனி சட்டம் இருக்கு, குறைஞ்சது 7 வருஷம் தண்டனை, நம்ம நாட்டுல அப்படி ஒரு தனி சட்டம் இன்னிக்கும் இல்ல, 1997ல சித்திரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டதோட நிக்குது. ஆனா சட்டம் இருக்கறது மட்டும் போதலன்றதுக்கு யாழ்ப்பாணத்து மிருசுவில் கேஸ் ஒண்ணே போதும். 2000ல வீட்டை பாக்க போன 8 பேரை கொன்ன ராணுவ ஆளுக்கு 2015ல மரண தண்டனை வந்துச்சு, 2020 மார்ச்ல ஜனாதிபதி மன்னிப்பு குடுத்து வெளிய விட்டாச்சு.

உங்களுக்கு இருக்கற வழி பதிவு பண்ணறதுதான். ஆளை ஒப்படைச்சு காணாம போனதுக்கு ஐநாவோட வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பணிக்குழுவுக்கு குடும்பமே எழுதலாம், கால வரம்பு கெடையாது. 2021 மார்ச் தீர்மானத்துக்கு அப்புறம் ஐநா மனித உரிமை அலுவலகம் இலங்கை சம்பந்தமான ஆதாரத்தை சேத்து பத்திரப்படுத்திக்கிட்டு இருக்கு, பின்னாடி எந்த நாட்டு கோர்ட்டாவது எடுத்தா அது உதவும். ஒப்படைச்ச எடம், தேதி, கூட நின்னவங்க, எந்த படைப்பிரிவு, இதை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைங்க. ஊர்ல உறவுக்காரர் இன்னும் இருந்தா அவங்க பேரு வெளிய வர்ற மாதிரி எதையும் அவங்கள கேக்காம குடுக்காதீங்க.

இவ்ளோ வருஷம் ஆச்சு, இனிமே கேட்டு என்ன ஆகப் போகுது?

ரெண்டு விஷயம் சொல்றேன். கென்யாவுல 1950கள்ல பிரிட்டிஷ்காரங்க முகாம்கள்ல அடைச்சு சித்திரவதை பண்ணின ஜனங்கள்ல 5228 பேருக்கு, 2013ல பிரிட்டன் அரசு சுமார் 2 கோடி பவுண்டு குடுத்து வருத்தமும் தெரிவிச்சுது. அதுக்குள்ள அவங்க எல்லாம் கெழவன் கெழவி. ஈராக்ல அமெரிக்க ராணுவம் கைதிகள சித்திரவதை பண்ணின அபு கிரைப் சிறை ஃபோட்டோ வெளிய வந்தது 2004, அங்க விசாரணை வேலைக்கு ஆள் அனுப்பின சிஏசிஐன்ற அமெரிக்க கம்பெனி மேல கேஸ் போட்டது 2008, 2024 ஏப்ரல்ல ஆரம்பிச்ச ஒரு விசாரணை ஜூரி ஒத்துப் போகாம மே மாசம் வீணாச்சு, திரும்ப நடத்தி நவம்பர்ல 3 பேருக்கு 4.2 கோடி டாலர்னு தீர்ப்பு. ராணுவத்தை தொட முடியாத எடத்துல கூலிக்கு வந்த கம்பெனிய புடிச்சாங்க, அதுவும் ஒரு வழி.

நம்ம சட்டத்துல 3 வருஷத்துக்கு மேல தண்டனை உள்ள குற்றத்துக்கு கால வரம்பு இல்ல, அதனால மேல சொன்ன 120வது பிரிவு மாதிரி குற்றம் காலாவதி ஆகாது. பழைய சம்பவம்னா பழைய ஐபிசி பிரிவுல போகும். கோர்ட் மார்ஷலுக்கு மட்டும் பொதுவா 3 வருஷ வரம்பு உண்டு.

சாட்சி சொல்ல பக்கத்து வீட்டுக்காரர் ரெடி, ஆனா அவர் பையன் ஆர்மி செலக்ஷனுக்கு போயிருக்கான், பயப்படறார். கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்தாதீங்க. சாட்சி சொன்னா பையன் வேலைக்கு சட்டப்படி தடை எதுவும் இல்ல, போலீஸ் வெரிஃபிகேஷன்ல பாக்கறது அந்த பையன் மேல கேஸ் இருக்கான்னு. ஆனாலும் பயம்னு ஒண்ணு இருக்கும்போது சட்டம் பேசி அதை தள்ள முடியாது. 2018 சாட்சி பாதுகாப்பு திட்டம் சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிட்டது, மாவட்ட கோர்ட்டுக்கு விண்ணப்பம் போடலாம், பேரை மறைக்கறதுல இருந்து வீட்டுக்கு காவல் வரைக்கும் கேக்கலாம். விண்ணப்பத்தை அவர் பேர்ல அவரே குடுக்கறதுதான் நல்லது, நீங்க குடுத்தா பேச்சு ஊருக்குள்ள பரவிடும். அதுவரைக்கும் அவர் பாத்தத அவர் கையாலயே எழுதி, மூடின கவர்ல போட்டு, உங்க வக்கீல்கிட்ட குடுத்து வைக்கட்டும். எப்போ கோர்ட்ல குடுக்கறதுன்னு அவர் முடிவு பண்ணட்டும்.